குருதியிலே காப்பு உண்டா?
எச்.ஐ.வி. தொற்றும் நிர்ப்பீடனக் கலங்களின் பரம்பரை வேறுபாடும் பற்றிய ஒரு நோக்கு

கொழும்பின் கிழக்குப் புறத்தே, கொலன்னாவைப் பிரதேசத்தைச் சேர்ந்த அங்கொடை என்னும் ஊரின் பெயர், தலைநகரின் பேச்சு வழக்கிலே நெடுங்காலமாக ஓர் ஏளனச் சொல்லாக வழங்கி வந்துள்ளது. மனநோயாளருக்கான பெரிய வைத்தியசாலை அவ்வயலிலே அமைந்தமை இதற்கு முதற் காரணம். தொற்றுநோய் வைத்தியசாலையும் அங்கேயே அமைந்தமை அவ்வேளனத்தோடு அச்சத்தையும் சேர்த்தது. மக்கள் 'ஐ.டி.எச்.' என்று சுருக்கமாக அழைக்கும் இவ்வைத்தியசாலை, 2020ஆம் ஆண்டில் இலங்கையில் இனங்காணப்பட்ட முதலாவது கொவிட்-19 நோயாளியைக் குணப்படுத்தி அனுப்பியபோது நாடு முழுவதும் அதனைப் பாராட்டியது. ஆயின் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே எச்.ஐ.வி. தொற்றியோரை ஏற்றுப் பராமரித்து வந்த இடம் அது என்பதை அன்று நினைவுகூர்ந்தோர் சிலரே.

எச்.ஐ.வி. பற்றி எம்மிடையே நிலவும் கருத்துகளுள் ஒன்றை இங்கு ஆராய விரும்புகின்றோம். இலங்கையில் வயது வந்தோரிடையே இத்தொற்றின் வீதம் நூற்றுக்கு 0.1இலும் குறைவு. இவ்வுண்மையைக் கண்டு மகிழ்வோருள் ஒரு சாரார், "இது பிறர் நோய், எமது பண்பாட்டுக்கும் எமது இரத்தத்துக்கும் ஒட்டாதது" என்று முடிவு கட்டிவிடுகின்றனர். படித்தோர் சிலர் இதற்கு விஞ்ஞானச் சாயலும் பூசுவதுண்டு. எச்.ஐ.வி. தொற்றாத மனிதர் உலகில் உளர் என்றும், அதற்குக் காரணம் ஒரு பரம்பரையலகு என்றும் அவர்கள் எங்கோ வாசித்திருப்பர். அத்தகைய மனிதர் உளர் என்பது மெய்யே. அம்மெய்யைச் சரிவர விளங்கிக்கொண்டால், அது இவர்கள் விரும்பும் முடிவுக்கு நேரெதிரான முடிவைத் தருவதைக் காணலாம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னை தந்த பாடம்

'பிறர் நோய்' என்னும் எண்ணம் புதிதன்று. 1980களின் நடுப்பகுதியில் இந்தியாவிலும் இதே எண்ணமே நிலவியது. எயிட்ஸ் மேனாட்டு ஒழுக்கத்தின் விளைவு, இந்தியச் சமூகத்தில் அது தலைகாட்டாது என்று பலரும் நம்பினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சொலமன் இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களிடமிருந்து குருதி மாதிரிகளைச் சேகரித்தார். அம்மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது ஆறு மாதிரிகளில் தொற்றுக்கான சான்று காணப்பட்டது. இது நிகழ்ந்தது 1986இல். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக நிறுவப்பட்டது தமிழ்மண்ணிலேயே எனலாம். அடுத்த ஆண்டில், 1987இல், தொற்றுக்கு உள்ளான முதலாவது இலங்கையர் இனங்காணப்பட்டார். பண்பாடு அரண் ஆகும் என்ற நம்பிக்கை அவ்வளவில் தகர்ந்தது. எஞ்சியது இரத்தம் பற்றிய நம்பிக்கை. அதனை ஆராய வேண்டுமாயின் வைரசு கலத்தினுள் நுழையும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

இரு பூட்டுகள் கொண்ட கதவு

எமது உடலைத் தொற்றுகளிலிருந்து காக்கும் தொழிலை நிர்ப்பீடனம் என்கின்றோம். இத்தொழிலில் ஈடுபடும் வெண்குழியங்களுள் ரீ-நிணநீர்க்குழியம் என்பது ஒரு வகை. அவற்றுள்ளும் ஏனைய கலங்களை ஏவி நடத்தும் உதவிக் கலங்களே எச்.ஐ.வி. வைரசின் முதன்மையான இலக்கு. படையின் தளபதியையே வீழ்த்துவது போல இவற்றை வைரசு அழிப்பதனால், உடல் பிற நோய்களுக்கும் இரையாகின்றது. அந்நிலையையே எயிட்ஸ் என்கின்றோம்.

ஒரு கலத்தின் மேற்பரப்பு வெறும் சுவரன்று. வெளியிலிருந்து வரும் இரசாயனச் செய்திகளைப் பெற்று உள்ளே அறிவிக்கும் புரதங்கள் பல அங்கு பதிந்துள்ளன. இவற்றை வாங்கிகள் என்பர். கலம் தன் தேவைக்காக வைத்துள்ள இவ்வாங்கிகளை வைரசு தன் நுழைவாயிலாக்கிக் கொள்கின்றது. சீ.டி.4 எனப்படும் வாங்கியே அவ்வாயில் என்பது 1984இல் கண்டறியப்பட்டது. ஆனால் அத்துடன் கணக்கு முடியவில்லை. மனித சீ.டி.4 வாங்கியை எலியின் கலத்திலே உண்டாக்கியபோது வைரசு அதில் ஒட்டியதேயன்றி உள்ளே நுழையவில்லை. ஆகவே கதவில் இரண்டாவது பூட்டு ஒன்று இருத்தல் வேண்டும் என்று ஆய்வாளர் கருதினர்.

அந்த இரண்டாவது பூட்டைத் தேடும் முயற்சி பத்து ஆண்டுகளுக்கு மேலாக நீடித்தது. 1995இல் றொபேட் கலோவின் ஆய்வுக்குழுவினர், வெண்குழியங்கள் சுரக்கும் கீமோகைன்கள் என்னும் சிறு புரதங்களுள் மூன்று, வைரசின் பெருக்கத்தைத் தடுப்பதைக் கண்டனர். உடலில் அழற்சி ஏற்பட்ட இடத்துக்கு வெண்குழியங்களை அழைப்பதே கீமோகைன்களின் இயல்பான பணி. அவை வந்து பொருந்தும் வாங்கியையே வைரசும் நாடுகின்றது என்பது அதனால் ஊகிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில், பல ஆய்வுகூடங்கள் அவ்வாங்கியை இனங்கண்டன. அதன் பெயர் சீ.சீ.ஆர்.5. சீ.எக்ஸ்.சீ.ஆர்.4 என்னும் வேறொரு வாங்கியையும் சில வைரசுகள் பயன்படுத்துகின்றன என்பதும் 1996இலேயே தெரியவந்தது.

இப்பொழுது நுழைவின் ஒழுங்கை விளங்கிக்கொள்ளலாம். வைரசின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம் முதலில் சீ.டி.4 வாங்கியைப் பற்றுகின்றது. பற்றியவுடன் அப்புரதத்தின் உருவம் மாறி, அதுவரை மறைந்திருந்த ஒரு பகுதி வெளிப்படுகின்றது. அப்பகுதி சீ.சீ.ஆர்.5 வாங்கியில் பொருந்துகின்றது. அதன்பின்னரே வைரசின் உறையும் கலத்தின் மென்சவ்வும் ஒன்றாகிக் கலக்கின்றன. இரண்டு பூட்டுகளும் முறையாகத் திறந்தாலொழியக் கதவு திறவாது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றி நிலைகொள்ளும் வைரசு பெரும்பாலும் சீ.சீ.ஆர்.5 வழியே நுழைவது என்பதும் கருதற்பாலது. இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் பெரும்பான்மையாகக் காணப்படும் 'சீ' உபவகை வைரசும் பெரும்பாலும் இவ்வாயிலையே நம்பியுள்ளது.

முப்பத்திரண்டு எழுத்துகளின் நீக்கம்

தொற்றுக்கு மீண்டும் மீண்டும் ஆளாகும் வாய்ப்பு இருந்தும் தொற்றாதிருந்த மனிதர் சிலரை 1990களில் அமெரிக்க ஆய்வாளர் உற்றுநோக்கினர். அவர்களுள் இருவரின் கலங்களை ஆய்வுகூடத்தில் வைரசோடு சேர்த்து வைத்தபோதும் வைரசு நுழையவில்லை. காரணம் 1996இல் வெளிப்பட்டது. அவர்களது சீ.சீ.ஆர்.5 பரம்பரையலகில் ஒரு சிறு பகுதி இல்லாமலிருந்தது.

பரம்பரையலகு என்பது டீ.என்.ஏ. மூலச் சோடிகளால் எழுதப்பட்ட ஒரு வாசகம் எனக் கொள்வோம். கலம் இவ்வாசகத்தை மும்மூன்று எழுத்தாகவே வாசிக்கின்றது. ஒவ்வொரு மூன்று எழுத்தும் ஓர் அமினோவமிலத்தைக் குறிக்கும். சீ.சீ.ஆர்.5 புரதம் இவ்வாறு 352 அமினோவமிலங்களால் ஆனது. மேற்கூறியோரிடம் இவ்வாசகத்தின் நடுவே 32 எழுத்துகள் விடுபட்டிருந்தன. 30 எழுத்துகள் விடுபட்டிருப்பின் பத்து அமினோவமிலங்கள் மாத்திரமே குறைந்திருக்கும். 32 என்பது மூன்றால் பிரிபடாத எண். ஆகவே நீக்கத்துக்குப் பின்வரும் எழுத்துகள் எல்லாம் பிழையான மும்மைகளாக வாசிக்கப்படுகின்றன. விரைவில் 'நிறுத்து' என்னும் குறியும் வந்துவிட, அரைகுறையான புரதமே உருவாகின்றது. அது கலத்தின் மேற்பரப்பை அடைவதில்லை. பூட்டே இல்லாத இடத்தில் வைரசின் திறப்புக்கு வேலையில்லை. 'டெல்ற்றா-32' எனப் பெயர் பெற்ற விகாரம் இதுவே.

ஒவ்வொரு பரம்பரையலகிலும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு பிரதிகளை நாம் பெறுகின்றோம். இரு பிரதிகளிலும் டெல்ற்றா-32 உடையோர் தொற்றுக்குப் பெரிதும் தடைகாட்டுகின்றனர். ஒரு பிரதியில் மட்டும் உடையோருக்குத் தொற்று ஏற்படும். எனினும் அவர்களது கலங்களில் வாங்கியின் அளவு குறைந்திருப்பதால் நோய் முற்றுவது தாமதிக்கும். இத்தடையும் முழுமையானதன்று. இரு பிரதிகளிலும் நீக்கம் உடைய ஒருவர், சீ.எக்ஸ்.சீ.ஆர்.4 வாயிலைப் பயன்படுத்தும் வைரசினால் தொற்றுண்டமை 1997ஆம் ஆண்டளவிலேயே அறிவிக்கப்பட்டது.

எவரிடம் உண்டு, எவரிடம் இல்லை?

'எமது இரத்தம்' என்னும் வாதத்துக்கு விடை இப்பகுதியிலேயே உள்ளது. டெல்ற்றா-32 உலக மக்களிடையே சமமாகப் பரந்திருக்கவில்லை. வட ஐரோப்பியரிடையே அது மிகுதி. அங்கு நூறு பிரதிகளுக்குப் பத்து என்னும் அளவிலும் அதற்கு மேலும் காணப்படுகின்றது. தெற்கு நோக்கி வர அதன் வீதம் குறைகின்றது. ஆபிரிக்காவின் பழங்குடிகளிடமும் கிழக்காசிய மக்களிடமும் அது ஏறத்தாழ இல்லை. இந்தியாவின் பல்வேறு இனக்குழுக்களை ஆராய்ந்து பார்த்தா மஜும்தாரும் உடனாய்வாளரும் 2001இல் வெளியிட்ட கட்டுரை, பெரும்பாலான குழுக்களிடையே இவ்விகாரம் இல்லை என்பதைத் தன் தலைப்பிலேயே கூறியது.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நூறு பிரதிகளுக்குப் பத்து என்னும் வீதம் உள்ள சமூகத்தில் ஒருவர் இரண்டு பிரதிகளையும் பெறும் வாய்ப்பு பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றால் பெருக்க வருவது; அதாவது நூற்றில் ஒருவர். வீதம் நூற்றுக்கு ஒன்று எனக் கொள்ளின் அதே கணக்கின்படி பத்தாயிரத்தில் ஒருவர். ஓர் இலட்சம் பேர் வாழும் ஊரிலே பத்துப் பேர் மட்டுமே. எமது நாட்டில் தொற்று குறைவாயிருப்பதற்கு இப்பரம்பரையலகு காரணமாக இருத்தல் இயலாது என்பது இதனால் தெளிவு.

இனப்பெருமை பேசுவோர் கவனிக்க வேண்டிய இன்னோர் உண்மையும் உண்டு. 2015இல் நிறைவுற்ற ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம் 26 மக்கட் குழுக்களை ஆராய்ந்தது. ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர் அவற்றுள் ஒரு குழுவினர். சிங்கள மக்களின் மரபுத்தொகுதி பற்றி 2023இல் வெளியான ஆய்வு, அவர்களும் இலங்கைத் தமிழரும் மரபு நிலையில் மிக நெருங்கியவர்கள் என்று காட்டியது. கொலன்னாவையின் ஒரே வீதியில் வாழும் தமிழரும் சிங்களவரும் வெவ்வேறு இரத்தத்தினர் என்று கொள்வது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாது. வைரசின் முன்னே இருவரது கதவுகளும் பெரிதும் ஒரே அமைப்பினவே.

டெல்ற்றா-32 ஐரோப்பியரின் தனிச் சிறப்பைக் காட்டுவதென்று கொள்ளுதலும் தவறு. அது எச்.ஐ.வி.யை எதிர்நோக்கித் தோன்றியதன்று. பண்டைய எலும்புகளின் டீ.என்.ஏ.யை ஆராய்ந்து 2025இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இன்றைக்கு 6,700 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் கருங்கடலை அண்டி வாழ்ந்த ஒருவரிடம் அது தோன்றியிருக்கலாம் என்று மதிப்பிடுகின்றது. எச்.ஐ.வி.யோ மனிதரிடையே பரவத் தொடங்கி ஒரு நூற்றாண்டளவே ஆகின்றது. மேலும், ஒரு நோய்க்குக் காப்பாவது மற்றொன்றுக்குக் குறையாகலாம். மேற்கு நைல் வைரசு தொற்றும்போது, இரு பிரதிகளிலும் டெல்ற்றா-32 உடையோர் கடுமையான நோய்க்கு உள்ளாகும் வாய்ப்பு மிகுதி என்பது 2006இல் எடுத்துக்காட்டப்பட்டது.

பிற வேறுபாடுகள்

சீ.சீ.ஆர்.5 வாங்கியின் அயலிலுள்ள சீ.சீ.ஆர்.2 வாங்கியில் 64ஆவது அமினோவமிலம் மாறுபட்டிருப்பதுண்டு. இம்மாற்றம் உலகின் பல மக்களிடையே பரவலாகக் காணப்படுவது. தொற்றை இது தடுப்பதில்லை. நோய் முற்றுவதைச் சில ஆண்டுகள் தாமதப்படுத்துவதாக 1997இல் கூறப்பட்டது. எனினும் பின்வந்த ஆய்வுகள் யாவும் இதனை ஒருமுகமாக ஆதரிக்கவில்லை.

கென்யாவின் நைரோபி நகரில் பும்வானி என்னும் பகுதியில் 1980களில் தொடங்கப்பட்ட நீண்டகால ஆய்வு எமது சிந்தனைக்குரியது. அங்கு பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களுள் ஒரு சிறு பிரிவினர் பல ஆண்டுகளாகத் தொற்றாதிருந்தனர். அவர்களிடம் டெல்ற்றா-32 இல்லை. அவர்களது நிர்ப்பீடனம் வேறு வழிகளால் வைரசைத் தடுத்ததெனக் கருதப்பட்டது. ஆயின் அவர்களுள்ளும் சிலருக்குப் பின்னர் தொற்று ஏற்பட்டது. உடலின் காப்பு ஒருமுறை எழுதி முடிந்த சாசனமன்று என்பதை இது உணர்த்துகின்றது.

சென்னையிலும் நைரோபியிலும் மருத்துவ அறிவுக்கு வித்திட்டோர், சமூகம் ஒதுக்கி வைத்த ஏழைப் பெண்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது. அவர்களது குருதியிலிருந்து பெற்ற அறிவின் பயன் முதலில் எவரைச் சென்றடைந்தது என்னும் வினா இன்னும் விடை வேண்டி நிற்கின்றது.

இயற்கையைப் பின்பற்றிய மருத்துவம்

பிறப்பால் சிலருக்கு வாய்த்த காப்பை மற்றோருக்கும் அளிக்க இயலுமா? மூன்று வழிகளில் இது முயலப்பட்டது. முதலாவது மருந்து: சீ.சீ.ஆர்.5 வாங்கியில் பொருந்தி வைரசுக்கு இடமில்லாமற் செய்யும் மரவிரொக் 2007இல் அனுமதி பெற்றது. சீ.எக்ஸ்.சீ.ஆர்.4 வாயிலைப் பயன்படுத்தும் வைரசுக்கு அது பயன்படாது. ஆகவே வைரசின் வகையைச் சோதித்தறிந்த பின்னரே அதனை வழங்குவர்.

இரண்டாவது, என்பு மச்சை மாற்றீடு. எச்.ஐ.வி. தொற்றோடு குருதிப் புற்றுநோயும் கொண்டிருந்த திமோதி ரே பிரௌண் என்பவருக்கு, இரு பிரதிகளிலும் டெல்ற்றா-32 உடைய ஒருவரின் மூலக்கலங்களை பேர்லின் நகர வைத்தியர் கேரோ ஹூட்டர் 2007இலும் 2008இலும் மாற்றீடு செய்தார். மருந்தை நிறுத்திய பின்னரும் வைரசு மீளவில்லை. 2020இல் புற்றுநோய் மீண்டதனாலேயே பிரௌண் மறைந்தார். 2019இல் இலண்டனைச் சேர்ந்த இரண்டாவது நோயாளியைப் பற்றி ரவீந்திர குப்தாவின் குழுவினர் அறிவித்தனர். எனினும் கதை அவ்வளவில் நிற்கவில்லை. ஜெனீவாவில் 2023இல் அறிவிக்கப்பட்டவருக்குக் கலம் வழங்கியவரிடம் டெல்ற்றா-32 இருக்கவில்லை. பேர்லினில் 2024இல் அறிவிக்கப்பட்ட மற்றொருவருக்கு வழங்கியவரிடம் ஒரு பிரதி மட்டுமே இருந்தது. விடுதலைக்கு இப்பரம்பரையலகு ஒன்றே வழி என்னும் எண்ணத்தையும் இவை அசைத்துவிட்டன. இச்சிகிச்சை உயிராபத்து மிக்கது. புற்றுநோய்க்காக அன்றி இதனை மேற்கொள்ள எவரும் பரிந்துரையார்.

மூன்றாவது வழி எச்சரிக்கையாக நினைவுகூரத் தக்கது. 2018இல் சீன விஞ்ஞானி ஹெ ஜியாங்குயி, கருவிலேயே சீ.சீ.ஆர்.5 பரம்பரையலகை மாற்றி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறப்பித்ததாக அறிவித்தார். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 2019இன் இறுதியில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தொற்றுடைய தந்தைக்குத் தொற்றில்லாத பிள்ளை பிறக்க எளிய வழிகள் ஏற்கெனவே இருந்தன. மக்களுக்கு வேண்டியிருந்தது அவ்வழிகளைச் சென்றடையும் வாய்ப்பேயாகும்.

முடிவுரை

2011இல் வெளியான ஆய்வொன்றுடன் இக்கட்டுரையை நிறைவு செய்வோம். ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடையே, ஒருவர் தொற்றுடையவராகவும் மற்றவர் தொற்றற்றவராகவும் இருந்த நிலையில், அவ்வாய்வு நடத்தப்பட்டது. சென்னையும் அதன் நிலையங்களுள் ஒன்று. தொற்றுடையவருக்கு முற்கூட்டியே மருந்து வழங்கியபோது, அவரிடமிருந்து துணைக்குத் தொற்றுவது நூற்றுக்கு 96 வீதம் குறைந்தது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து பாலுறவால் தொற்று ஏற்படுவதில்லை என்பது பின்வந்த ஆய்வுகளால் உறுதியாயிற்று.

டெல்ற்றா-32 எம்மவருள் பத்தாயிரத்தில் ஒருவருக்கு அளிக்கக்கூடிய காப்பை, மருந்து தன்னை வந்தடையும் எல்லோருக்கும், அவர்தம் துணைவருக்கும் அளிக்கின்றது. இலங்கையில் இம்மருந்து 2004 முதல் அரசினால் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார தாபனம் 2019இல் இலங்கைக்குச் சான்றளித்தது. இவை எமது குருதியின் இயல்பால் விளைந்தவை அல்ல. இலவச மருத்துவம் என்னும் சமூக உரிமையும், தாதியரும் மருத்துவிச்சிகளும் வைத்தியரும் ஆற்றிய உழைப்புமே அவற்றை ஈட்டின.

எனவே 'எமது இரத்தம்' பற்றிய பெருமையை நாம் கைவிடுவோமாக. அப்பெருமை தீங்கற்ற அறியாமையன்று. நோய் பிறருக்குரியது என்று நம்பும் சமூகத்தில், தொற்றியவர் பிறராகிவிடுகின்றார். அவர் சோதனைக்குச் செல்ல அஞ்சுகின்றார். அறிந்தவர் எவரேனும் காண்பரோ என்று வைத்தியசாலை வாயிலில் தயங்கித் திரும்புகின்றார். அவ்வாறு திரும்பிச் செல்லும் ஒவ்வொருவரிடத்தும் வைரசு தடையின்றிப் பெருகுகின்றது. அங்கொடை என்னும் பெயரை ஏளனமாகச் சொல்லும் வழக்கை விடுதல் சிறிய காரியமாகத் தோன்றலாம். அவ்வாயிலை நோக்கி அச்சத்தோடு நடந்து வரும் ஒருவருக்கு அது சிறிய காரியமன்று.